குதிகாலுக்கு மேலே வலிக்கிறதா? காலணியைப் பாருங்கள்

காலையில் எழுந்து முதல் அடி எடுத்து வைக்கும்போதுதான் அது தெரிந்தது. குதிகாலுக்குச் சற்று மேலே, பின்பக்கத்தில், கயிற்றைப் போட்டு இறுக்கியது போல ஒரு பிடிப்பு. சமையலறைக்கும் வாசலுக்கும் நாலு நடை நடந்ததும் தளர்ந்துவிட்டது. பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் அதை மறந்தும் போனேன். இப்படி மறந்து மறந்தே ஐந்து மாதங்களைக் கடத்தினேன்.

நான் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். வயது 48. காலை வழிபாட்டுக் கூட்டம் தொடங்கி மாலை கடைசி மணி வரை நிற்பதும் நடப்பதும் படியேறுவதுமாகவே நம் பொழுது போகிறது. எங்கள் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகள் மாடியில். ஒரு நாள் மதிய உணவுக்குப் பிறகு கீழே இறங்கும்போது நேராக இறங்க முடியவில்லை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, நண்டு போலப் பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினேன். எனக்குப் பின்னால் வந்த பிள்ளைகள் முந்திப் போகாமல் வரிசையாக நின்றுவிட்டார்கள். “டீச்சருக்குக் கால் வலிடா, தள்ளாதீங்க” என்று ஒரு பெண் மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது. அன்று மாலைதான் இதற்கு ஒரு வழி பார்த்தே ஆக வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

வழி பார்த்ததில் முதலில் செய்தவை எல்லாம் தவறு. அந்தத் தவறுகளுக்குக் கிட்டத்தட்ட மூவாயிரம் ரூபாய் செலவானது. நம்மில் பலர் இதே வரிசையில் இதே தவறுகளைச் செய்கிறோம் என்பதைப் பின்னர் ஒரு பயிற்சி வகுப்பில் பக்கத்தில் அமர்ந்திருந்தவர்களிடம் பேசியபோது தெரிந்துகொண்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

குதிகாலில் வலி என்றதும் உடன் பணியாற்றும் ஒருவர், “எம்.சி.ஆர். செருப்பு வாங்கிப் போடுங்க டீச்சர், எங்க அம்மாவுக்கு நல்லா கேட்டுச்சு” என்றார். வாங்கினேன். மெத்தென்றுதான் இருந்தது. ஆனால் இரண்டு வாரத்தில் வலி கூடியது. எம்.சி.ஆர். என்பது நுண்துளைகள் கொண்ட ரப்பர். சர்க்கரை நோயாளிகளுக்கும், தொழுநோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கும் உள்ளங்காலில் ஓரிடத்தில் அழுத்தம் சேராமல் பரவ வேண்டும் என்பதற்காகப் பரிந்துரைக்கப்படுவது. குதிகாலின் அடிப்பகுதியில் வலிப்பவர்களுக்கும் அது இதமாக இருக்கலாம். என் வலி அடியில் இல்லை, பின்னால், மேலே இருந்தது. அந்தச் செருப்போ முன்னும் பின்னும் ஒரே தட்டை. தட்டையான செருப்பு என் வலிக்கு எதிரி என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அடுத்து ஒரு கான்வாஸ் ஷூ. அதுவும் தட்டை. மூன்றாவதாக, விரலால் அழுத்தினால் பஞ்சு போல அமுங்கும் உள் அட்டை வைத்த ஒரு ஷூ. கடையில் நடந்து பார்த்தபோது மேகத்தின் மேல் நடப்பது போலத்தான் இருந்தது. பள்ளியில் ஒரு வாரம் நடந்த பிறகு காலையில் தரையில் காலூன்றவே பயமாகிவிட்டது.

அதன் பிறகுதான் அரசு மருத்துவமனைக்குப் போனேன். எலும்பு மருத்துவர் பார்த்துவிட்டு, இயன்முறை சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கிருந்த இயன்முறை மருத்துவர் இளம் பெண். என் காலைத் தொடுவதற்கு முன்பே, “போட்டுட்டு வந்த செருப்பைக் காட்டுங்க மேடம்” என்றார். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு இரண்டு விரல்களால் குதிகாலுக்கு மேலே நான்கு விரற்கடை தூரத்தில் அந்த நாணைப் பிடித்து மெல்ல அழுத்தினார். துள்ளிவிட்டேன்.

அந்த நாணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தசையை எலும்போடு இணைப்பது தசைநாண் என்று நாம் பாடம் நடத்துகிறோம். கெண்டைக்கால் தசைகள் இரண்டும் கீழே வந்து ஒன்றாகச் சேர்ந்து, குதியெலும்பின் பின்புறத்தில் பற்றிக்கொள்ளும் தசைநாண்தான் அக்கிலிஸ் நாண். ஏறத்தாழ 15 செ.மீ. நீளம். நம் உடலிலுள்ள தசைநாண்களில் தடித்ததும் வலியதும் இதுதான். கிரேக்க வீரன் அக்கிலிஸைக் குழந்தையாக இருந்தபோது அவன் தாய் குதிகாலைப் பிடித்துக்கொண்டு ஸ்டிக்ஸ் ஆற்றில் முக்கினாளாம். நீர் படாத அந்தக் குதிகாலில் அம்பு தைத்து அவன் இறந்தான் என்பது கதை. பிலிப் வெர்ஹெயன் என்ற உடற்கூறியலாளர் 1693-இல் வெளியிட்ட தம் நூலில் இந்த நாணுக்கு அவன் பெயரைச் சேர்த்தார். நம் ஊர்க் கதையிலும் கண்ணனுக்கு வேடனின் அம்பு பாதத்தில்தான் தைக்கிறது என்பது நினைவுக்கு வந்தது. எந்த ஊராக இருந்தாலும் கால்தான் கவலை போலிருக்கிறது.

வலிமையான நாண் என்றாலும் அதன் சுமை சாதாரணமானதல்ல. நுனிக்காலில் எழும்பி நிற்பது இரண்டாம் வகை நெம்புகோலுக்கு நாம் சொல்லும் எடுத்துக்காட்டு. விரல்களின் அடிப்பகுதி ஆதாரப்புள்ளி, நடுவில் கணுக்காலில் இறங்கும் உடல் எடை பளு, பின்னால் குதிகாலை மேலே இழுப்பது இந்த நாணின் திறன். ஓடும்போது உடல் எடையைப் போல ஆறு முதல் எட்டு மடங்கு விசை இதன் வழியே போகிறது என்கிறார்கள். நடப்பதில் அவ்வளவு இல்லை. ஆனால் நாள் முழுவதும் ஆயிரக்கணக்கான அடிகள். அதோடு குதியெலும்பில் பற்றும் இடத்துக்கு 2 முதல் 6 செ.மீ. மேலே உள்ள பகுதிக்கு இரத்த ஓட்டம் குறைவு. அங்கே ஏற்படும் சிறு சேதங்கள் மெதுவாகத்தான் ஆறும். ஆறுவதற்கு முன் மறுபடி சுமை ஏறினால் நாணின் இழைகள் ஒழுங்கு குலைந்து, அந்த இடம் தடித்துப்போகிறது. பல மாதங்களாக நீடிக்கும் வலியில் இதுதான் முக்கியக் கோளாறு என்பதால், வலி மாத்திரையும் தைலமும் அந்த நேரத்துக்குத்தான் உதவும்.

உங்கள் வலி எங்கே இருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். காலணித் தேர்வு அதைப் பொறுத்தே மாறும். குதிகாலின் அடியில், உள்ளங்கால் பக்கம் குத்தினால் அது வேறு பிரச்சினை. நம் ஊரில் பொதுவாகக் குதிகால் வாதம் என்று சொல்வது பெரும்பாலும் அதைத்தான். குதிகாலுக்கு மேலே, நாணின் நடுப்பகுதியைக் கிள்ளிப் பார்த்தால் வலிக்கிறதா? அது நடுநாண் வலி, எனக்கு வந்தது. அதைவிடக் கீழே, ஷூவின் பின்விளிம்பு உரசுகிற இடத்தில், எலும்போடு ஒட்டி வலிக்கிறதா, அங்கே ஒரு புடைப்பும் தெரிகிறதா? அது நாண் எலும்பில் பற்றும் இடத்து வலி. இரண்டுக்கும் பொதுவான அடையாளம், காலை எழுந்ததும் இருக்கும் விறைப்பு.

குதி கொஞ்சம் உயர வேண்டும்

நான் வாங்கிய மூன்றும் ஏன் தவறு என்பதை அந்த மருத்துவர் ஒரு நிமிடத்தில் விளக்கினார். தட்டையான காலணியில் ஒவ்வொரு அடியிலும் கால் முன்னோக்கிச் சாயும்போது நாண் முழுவதுமாக இழுபடுகிறது. எலும்பில் பற்றும் இடத்தில் அது எலும்பின் மேல் அழுந்தவும் செய்கிறது. குதிகாலை ஒரு சென்டிமீட்டர் உயர்த்தினால் அந்த இழுப்பு குறையும். நல்ல நடைக் காலணிகளில் குதிகால் நிற்கும் உயரம், முன்பாதம் நிற்கும் உயரத்தைவிட 8 முதல் 12 மி.மீ. வரை கூடுதலாக இருக்கும். கடைகளில் இதை ஹீல் டிராப் என்கிறார்கள். எனக்குத் தேவை அதுதான். மேகம் போன்ற மென்மையில் குதிகால் உள்ளே அமிழ்ந்துபோய் அந்த உயரம் காணாமல் போய்விடுகிறது. மூன்றாவது ஷூ ஏமாற்றியது அப்படித்தான்.

“அப்போ ஹீல்ஸ் போட்ட செருப்பு நல்லதா?” என்று கேட்டேன். இல்லையாம். இரண்டு, மூன்று அங்குலக் குதி வைத்த செருப்பைப் பல வருடம் போட்டால் கெண்டைக்கால் தசை குறுகிப் பழகிவிடும். எடை முழுவதும் முன்பாதத்தில் இறங்கும், கணுக்கால் பிசகும் ஆபத்தும் உண்டு. ஆனால் அப்படிப் பழகியவர்கள் வலி வந்தவுடன் ஒரே நாளில் தட்டைச் செருப்புக்கு மாறுவது அதைவிட மோசம். குறுகிப்போன தசை திடீரென்று நீள வேண்டியிருக்கும். சில வாரங்கள் எடுத்துக்கொண்டு படிப்படியாக உயரத்தைக் குறைக்க வேண்டும்.

2021-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வை இங்கே சொல்லலாம். நடுநாண் வலி உள்ள 100 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியினருக்குக் காலணிக்குள் வைக்கும் 12 மி.மீ. குதி உயர்த்தி கொடுத்தார்கள். மறுபாதியினருக்குக் கெண்டைக்கால் பயிற்சி. 12 வாரங்களின் முடிவில் உயர்த்தி வைத்துக்கொண்டவர்களுக்கு வலி சற்றுக் கூடுதலாகக் குறைந்திருந்தது. பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு துண்டு ரப்பருக்கு இவ்வளவு பலனா என்று எனக்கு வியப்பாக இருந்தது. இருக்கிற ஷூவின் குதி உயரம் போதாவிட்டால் இந்த உயர்த்தியை வாங்கி உள்ளே வைக்கலாம். இரண்டு காலிலும் வைக்க வேண்டும். வலிக்கும் காலில் மட்டும் வைத்தால் இடுப்பு சாய்ந்து முதுகுவலி வரலாம். உயர்த்தி வைத்ததும் குதிகால் ஷூவின் விளிம்புக்கு மேலே எழும்பி வழுக்கினால் அந்த ஷூ ஆழம் போதாதது, வேறு பார்க்க வேண்டும்.

கடையில் செய்ய வேண்டியது

நான்காவது முறை கடைக்குப் போனபோது 15 செ.மீ. அளவுகோலைப் பையில் போட்டுக்கொண்டுதான் போனேன். ஆய்வகத்து வெர்னியர் அளவியை எடுத்துப்போகலாமா என்றுகூட யோசித்தேன். ஷூவுக்குள் அதன் தாடை எட்டாது. அளவுகோலும் அவ்வளவாகப் பயன்படவில்லை. வெளியே தெரியும் அடிப்பகுதியின் தடிமனும், உள்ளே கால் நிற்கும் உயரமும் ஒன்றல்ல. சில நிறுவனங்களின் விவரக் குறிப்பில் இந்த அளவு இருக்கிறது, கடைக்காரரிடம் கேட்டால் பார்த்துச் சொல்வார். இல்லாவிட்டால் ஒரு கையை ஷூவுக்குள் விட்டு, குதியில் உள்ளும் புறமுமாகக் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவில் பிடித்துப் பாருங்கள். பிறகு முன்பாதத்திலும் அப்படியே பிடித்துப் பாருங்கள். தடிமன் வித்தியாசம் கைக்கே தெரியும்.

மாலையில் போங்கள். நாள் முழுவதும் நின்ற கால் சற்று வீங்கியிருக்கும். காலையில் சரியாக இருக்கும் ஷூ மாலையில் கடிக்கும். வழக்கமாக அணியும் காலுறையோடு போங்கள். இரண்டு கால்களையும் அளக்கச் சொல்லுங்கள், பலருக்கு ஒரு கால் சற்றுப் பெரியது. எழுந்து நின்ற நிலையில் நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். முப்பது வயதில் போட்ட எண்ணையே சொல்லிக் கேட்காதீர்கள். எனக்கு ஆறு என்று நம்பிக்கொண்டிருந்தேன், அளந்தபோது ஏழு.

பிறகு ஷூவைக் கையில் எடுங்கள். முதலில் பின்பக்கம். குதிகாலைச் சுற்றிப் பிடிக்கும் அந்தக் கிண்ணம் போன்ற பகுதியின் கீழ்ப்பாதியை இரண்டு பக்கமும் கட்டைவிரலால் அழுத்துங்கள். அது கெட்டியாக நிற்க வேண்டும், அப்போதுதான் குதிகால் உள்ளே ஆடாது. ஆனால் மேல்விளிம்பு, அதாவது நாண் உரசுகிற இடம், மெத்தென்று இருக்க வேண்டும். நடுவில் சற்றுத் தாழ்ந்து வளைந்திருந்தால் இன்னும் நல்லது. சில ஷூக்களில் அந்த விளிம்பு நாணை நோக்கி உள்ளே வளைந்து, கூர்மையாக உயர்ந்திருக்கும். பார்க்க அழகு, நமக்கு ஆகாது. எலும்பில் பற்றும் இடத்தில் வலி உள்ளவர்கள் இந்த ஒரு விஷயத்தில் இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும். புடைப்பின் மேல் கெட்டியான எதுவும் உரசக்கூடாது. அவர்களுக்கு மூடிய ஷூவைவிட, பின்னால் மென்மையான, கூட்டிக் குறைக்கக்கூடிய வார் வைத்த சாண்டல் ஒத்துப்போகலாம். வார் புடைப்பின் மேலேயே படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து ஷூவின் நுனியையும் குதியையும் பிடித்து மடக்கிப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் மடங்க வேண்டும். நடுப்பாதத்தில் இரண்டாக மடிந்தால் வேண்டாம். எங்குமே மடங்காமல் கட்டை போல இருந்தாலும் வேண்டாம். நுனிக்காலில் தள்ளி எழும்ப நாண் இன்னும் கூடுதலாக உழைக்க வேண்டிவரும். அடிப்பகுதியின் முன்பக்கம் படகு போல லேசாக மேல்நோக்கி வளைந்திருந்தால் கால் உருண்டு முன்னே போவது எளிதாகும். பிறகு ஈரத்துணியைப் பிழிவது போல முறுக்குங்கள். முழுவதும் முறுகிவிட்டால் கீழே வைத்துவிடுங்கள்.

நான் இப்படி மடக்கியும் முறுக்கியும் பார்த்துக்கொண்டிருந்ததைக் கடைக்காரர் கவலையோடு பார்த்தார். “டீச்சரம்மா, அது புதுசு” என்றார். விஷயத்தைச் சொன்னதும் அவரே ஐந்து ஜோடிகளை எடுத்து வரிசையாக முறுக்கிக் காட்டத் தொடங்கிவிட்டார். விலைக்கும் இதற்கும் பெரிய தொடர்பில்லை என்பதை அங்கே கண்டேன். நான்காயிரம் ரூபாய் ஷூ ஒன்று சப்பாத்தி போல மடிந்தது. நான் வாங்கியது 1,800 ரூபாய்.

போட்டுக்கொண்டு கடைக்குள் பத்து நிமிடமாவது நடங்கள். படி இருந்தால் ஏறி இறங்குங்கள். போடப் போடச் சரியாகிவிடும் என்று சொல்வார்கள். நாண் வலி உள்ளவர்களுக்கு அந்தப் பேச்சே கூடாது. முதல் நாளே பின்விளிம்பு அழுத்தினால் அது உங்களுக்கான ஷூ அல்ல. நாடா வைத்தது அல்லது ஒட்டும் பட்டை வைத்தது நல்லது. காலை நுழைத்ததும் மாட்டிக்கொள்ளும் வகை வசதிதான், ஆனால் குதிகால் வழுக்காமல் இருக்க விரல்கள் உள்ளே தரையைப் பற்றிக்கொண்டே இருக்கும். ஹவாய் செருப்பிலும் இதே கதைதான். நாடா ஷூவில் குதிகால் அப்படியும் எழும்பினால், கணுக்கால் அருகே உள்ள கடைசி இரண்டு ஓட்டைகளில் நாடாவை அதே பக்கம் நுழைத்து ஒரு சிறு வளையம் விடுங்கள். எதிர்ப்பக்க நாடாவை அந்த வளையத்துக்குள் விட்டு இழுத்துக் கட்டினால் குதிகால் அசையாது.

சேலைக்கு ஷூவா?

முதல் நாள் பள்ளிக்குப் போனபோது எனக்கே கூச்சமாக இருந்தது. பருத்திச் சேலை, கீழே சாம்பல் நிற ஷூ. ஆசிரியர் அறையில் ஒருவர், “என்ன டீச்சர், மாரத்தானா?” என்றார். சிரித்துவிட்டு உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் யாரும் பார்க்கவில்லை. ஷூ பிடிக்காதவர்கள், வெயிலில் கால் புழுங்குகிறவர்கள் பின்வார் வைத்த சாண்டல் வாங்கலாம். குதி ஒரு சென்டிமீட்டர் உயரம், பாதக்குழியைத் தாங்கும் வளைவு, இரண்டு இடத்தில் கூட்டிக் குறைக்கும் வார்கள் இருந்தால் போதும்.

பெரிய சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. எங்கள் பள்ளியில் தொடக்க வகுப்புகளில் பிள்ளைகள் பாயில் அமர்வதால் எல்லோரும் செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே போவோம். வாரத்தில் சில பாடவேளைகள் எனக்கும் அங்கே உண்டு. சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு முக்கால் மணி நேரம் நிற்பது, காலையில் ஷூ கொடுத்த நன்மையை எல்லாம் அழித்துவிடும். தலைமையாசிரியரிடம் சொல்லி, வகுப்பறைக்குள் மட்டும் போட ஒரு தனி ஜோடி சாண்டல் வாங்கி அலமாரியில் வைத்தேன். மூன்றாம் வகுப்புச் சிறுவன் உடனே கேட்டான்: “டீச்சர், நீங்க மட்டும் ஏன் உள்ள செருப்பு போடுறீங்க?” நியாயமான கேள்வி. அனைவரையும் எழுந்து நுனிக்காலில் நிற்கச் சொல்லி, குதிகாலுக்கு மேலே கை வைத்துப் பார்க்கச் சொன்னேன். “கயிறு மாதிரி இருக்கு டீச்சர்!” என்றார்கள். “என் கயிறு கொஞ்சம் பிரிஞ்சிருக்கு” என்றேன். அதற்குப் பிறகு நான் சாண்டலை எடுக்க மறந்தால் அவர்களே நினைவூட்டினார்கள்.

வாங்கிய காலணி எத்தனை நாள் உழைக்கும்? தினமும் போட்டால் ஓராண்டுக்குள் அடிப்பகுதியின் நுரை அமுங்கிப் போகலாம், மேலே புதிது போலத் தெரிந்தாலும். மாதம் ஒருமுறை தரையில் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். குதி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால், அடியில் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால், மாற்ற வேண்டிய நேரம்.

காலணி மட்டும் போதாது

காலணி நாணின் சுமையைக் குறைத்து வலியைத் தணிக்கும். நாணை வலுப்படுத்தப் பயிற்சி வேண்டும். ஹாகன் ஆல்ஃப்ரெட்சன் என்ற ஸ்வீடன் எலும்பு மருத்துவருக்கே இந்த வலி வந்ததாம். அறுவை சிகிச்சை செய்யச் சொல்லிக் கேட்டதற்குத் தலைமை மருத்துவர் மறுத்துவிட்டார். அப்படியானால் நாணை அறுத்துக்கொண்டே வருகிறேன் என்று வீம்புக்கு அதன்மேல் சுமையை ஏற்றினார். அறுவதற்குப் பதில் வலி போய்விட்டது என்று கதை சொல்வார்கள். அவர் குழு 1998-இல் வெளியிட்ட பயிற்சி முறை உலகெங்கும் பரவியது. படியின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று, இரண்டு காலால் எழும்பி, வலிக்கும் காலால் மட்டும் மெதுவாகக் கீழே இறங்க வேண்டும். முழங்கால் நீட்டியபடி 15 முறை வீதம் மூன்று சுற்று, மடக்கியபடி மூன்று சுற்று. தினமும் இரண்டு வேளை, 12 வாரம். எலும்பில் பற்றும் இடத்தில் வலி உள்ளவர்கள் படிக்குக் கீழே குதிகாலை இறக்கக்கூடாது, சமதரையிலேயே செய்ய வேண்டும். யாராக இருந்தாலும் ஒருமுறை இயன்முறை மருத்துவரிடம் காட்டி, உங்கள் அளவு என்ன என்று கேட்டுத் தொடங்குங்கள். எனக்கு அவர் முதல் மூன்று வாரம் தரையில் இரண்டு காலால் எழும்பி இறங்குவதை மட்டுமே கொடுத்தார். மறுநாள் காலை விறைப்பு கூடியிருந்தால் முந்தைய நாள் அதிகம் செய்துவிட்டோம் என்று பொருள்.

சில விஷயங்களில் காலணிக் கடைக்குப் போகவே கூடாது, நேராக மருத்துவரிடம் போக வேண்டும். நடக்கும்போதோ படியேறும்போதோ பின்னாலிருந்து யாரோ உதைத்தது போலவும், டப் என்று சத்தம் கேட்டது போலவும் தோன்றி, அதன் பிறகு நுனிக்காலில் எழும்ப முடியவில்லை என்றால் நாண் அறுந்திருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகள் சாப்பிடும்போது இந்த இடத்தில் வலி தொடங்கினால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். அரிதாக இவை நாணைப் பாதிக்கும், ஸ்டீராய்டு மருந்தும் சேர்ந்தால் ஆபத்து கூடும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் புதிய காலணியை முதலில் அரை மணி நேரம் மட்டும் போட்டு, கழற்றிக் காலைப் பார்க்க வேண்டும். உரசிய இடம் அவர்களுக்கு வலிக்காமலே புண்ணாகலாம்.

எனக்கு முழுவதும் சரியாக ஏழு மாதம் ஆனது. முதல் மாதத்திலேயே படியில் நேராக இறங்கிவிட்டேன். அதற்குக் காலணிதான் காரணம் என்பது என் எண்ணம். மிச்சம் பயிற்சியின் வேலை.

ஒன்றைச் சொல்லாமல் இதை முடிக்க முடியவில்லை. என் வலி தொடங்குவதற்கு முந்தைய ஆண்டு, ஏழாம் வகுப்பில் ஒரு மாணவன், நல்ல கபடி ஆட்டக்காரன், திடீரென்று விளையாட்டு வேளையில் ஓரமாக உட்காரத் தொடங்கினான். குதிகால் வலிக்கிறது என்றான். வீக்கம் இல்லை, காயம் இல்லை. வகுப்புக்கு வரும்போது நொண்டுவான், சிறிது நேரத்தில் சரியாக நடப்பான். “நடிக்காதே, ஓடு” என்று சொன்னவள் நான். அவன் ஓடினான்.

என் சிகிச்சையின்போது பேச்சுவாக்கில் அந்த மருத்துவரிடம் அவனைப் பற்றிச் சொன்னேன். அவர் சற்று நேரம் என்னைப் பார்த்தார். எட்டு முதல் பதினான்கு வயதுவரை குதியெலும்பின் பின்புறத்தில் வளர்ச்சித் தட்டு ஒன்று மூடாமல் இருக்கும். பிள்ளை வேகமாக உயரும்போது இதே நாண் அந்தத் தட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். ஓட்டமும் குதியும் அதிகமுள்ள பிள்ளைகளுக்கு அங்கே வலி வரும். 1912-இல் இதை விவரித்த மருத்துவரின் பெயரால் சீவர் நோய் என்கிறார்கள். பெயர்தான் நோய், வளர்ச்சித் தட்டு மூடியதும் தானாகவே போய்விடும். அதுவரை குதித்து ஆடுவதைக் குறைக்க வேண்டும், கெண்டைக்காலை மெல்ல நீட்ட வேண்டும், கெட்டித் தரையில் வெறுங்காலோடும் தட்டைச் செருப்போடும் ஓடக்கூடாது, காலணியில் ஒரு குதி உயர்த்தி வைக்க வேண்டும். அவனுடைய குதிகாலை இரண்டு பக்கமும் உள்ளங்கையால் அழுத்திப் பார்த்திருந்தால் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்திருக்கும்.

மறுநாள் அவனைக் கூப்பிட்டேன். எட்டாம் வகுப்புக்கு வந்திருந்தான், என்னைவிட உயரமாகிவிட்டான். போட்டிருந்தது போன வருடத்துக் காலணி, விரல் முட்டிக்கொண்டிருந்தது. “இன்னும் வலிக்குதா?” என்றேன். “அப்பப்ப டீச்சர். உங்களுக்கு?” என்றான். அவன் அப்பாவிடம் பேசி அதே பிரிவுக்கு அனுப்பினேன். உடற்கல்வி ஆசிரியரிடமும் சொல்லிவைத்தேன். இப்போது குதிகால் வலி என்று வரும் பிள்ளைகளை அவர் முதலில் உட்கார வைத்துக் காலணியைக் கழற்றச் சொல்கிறார். காலை இடைவேளையில் நான் மாடிப்படியின் கடைசிப் படியில் என் எண்ணிக்கையை முடிப்பேன். அவன் பக்கத்துச் சுவரில் கைகளை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்டுவான். மணி அடித்ததும் இருவரும் மேலே ஏறிப் போவோம்.